கொசு காத்த மலை

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். நல்ல மனிதர், ஈர நெஞ்சுக்காரர். போன கோடையில் ஒரு நாள் இரவு அவர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அன்றுதான் அவர் ஏதோ ஓர் அமெரிக்கப் படம் பார்த்திருந்தார். செவ்விந்தியர்களின் நிலத்தை வெள்ளைக்காரர்கள் பறித்துக்கொண்ட கதை. "என்ன அக்கிரமம் ஐயா! வந்தவன் ராஜா ஆகிவிட்டான், இருந்தவன் பிச்சைக்காரன் ஆகிவிட்டான். இதைக் கேட்க நாதியில்லையே!" என்று சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

ஐந்து நிமிஷம் சென்றது. காப்பி வந்தது. காப்பியை ஆற்றிக்கொண்டே நண்பர் சொன்னார்: "அது கிடக்கட்டும். கொல்லிமலையில் ஒன்றரை ஏக்கர் வருகிறது. சில்வர் ஓக் மரமும் அதில் ஏற்றிய மிளகுக் கொடியுமாக ஜம்மென்று நிற்கிறதாம். மலைக்காரன் நிலம். அவனுக்குப் பணமுடை. நாம் இரண்டு பேருமாகப் போட்டுவிடுவோமா?"

நான் 'அக்கிரமம்' என்று கத்தவில்லை. "என்ன விலை சொல்கிறான்?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியைக் கேட்ட வெட்கத்தில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன்னால், நானும் அந்த வரிசையில் நின்றவன்தான் என்பதை வாசகர்களுக்குச் சொல்லிவிடுவது நியாயம். எழுதுகிறவனுக்கு ஒரு மலைக் குடிலின்மேல் ஆசை வராமல் இருக்குமா? ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வர வேண்டும். மேஜையில் பாதி எழுதிய நாவல் கிடக்க வேண்டும். வாசலில் கைகட்டி நிற்க ஒரு மலைக்காரன் வேண்டும். இந்தக் கடைசி ஆசையை வெளியே சொல்ல மாட்டோம். ஆனால் அதுவும் அந்தச் சித்திரத்தில் இருக்கிறது.

அடுத்த வாரமே தரகரோடு போனோம். காரவள்ளி அடிவாரத்தில் மலைப்பாதை தொடங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் போட்டு வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கொண்டே ஏறினால், கீழே வெயிலில் வெந்து கிடக்கும் நாமக்கல் சீமை சிறிது சிறிதாக மறைந்து, காற்றில் குளுமை ஏறுகிறது. சோளக்காடு, செம்மேடு எல்லாம் தாண்டி, வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூருக்குப் போனோம். கொல்லிமலையில் ஊர்களின் தொகுதிக்கு 'நாடு' என்று பெயர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேளூர் நாடு என்று மொத்தம் பதினான்கு. இன்று அவை ஊராட்சிகள். ஆனால் பெயரைக் கேட்டாலே தெரியவில்லையா, தங்களைத் தாங்களே ஆண்டுகொண்ட ஜனங்களின் பெயர் அது என்று!

நிலத்துக்காரர் வீட்டில் இல்லை. அவருடைய தாயார் திண்ணையில் உட்கார்ந்து எதையோ புடைத்துக்கொண்டிருந்தார். எண்பது வயதுக்குக் குறையாது. எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். என் நண்பர் வேலிக்கல்லை அளக்கப் போய்விட்டார். நான் திண்ணையிலேயே இருந்தேன்.

"ஏஞ்சாமி, உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார் அந்த ஆயா.

சொன்னேன்.

"அங்க உங்களுக்கு நெலம் இல்லீங்களா?"

"இருந்தது ஆயா. வித்துட்டேன்."

ஆயா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பரிகாசம் இல்லை, கோபம் இல்லை. நிஜமான பரிதாபம் அது. "வித்துப்போட்டுத்தான் எங்க நெலத்துக்கு வந்தீங்களா, சாமி?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அங்கே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. திரும்பும் வழியில், 70 வளைவுகளையும் இறங்கி முடிக்கும் வரையிலும் முடியவில்லை.

சரித்திரம் கொஞ்சம் பார்ப்போம். கொல்லிமலைக்குச் சரித்திரமே கிடையாது, அது 'கைபடாத இயற்கை' என்று விளம்பரப் பலகைகள் சொல்கின்றன. அது பொய். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரியின் மலை அது. ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று சங்கப் பாட்டு சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் ஓரியின் கொடையைப் பற்றிப் படித்தோம். அவனுடைய வில்லைப் பற்றிப் படித்தோம். ஆனால் இந்தச் சங்கதியை நின்று யோசித்தோமா? ஒருவன் மலை, இன்னொருவன் கொன்றான், மூன்றாமவனுக்குத் தானமாகப் போயிற்று. மலையில் தினை விதைத்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆடி மாதத்தில் ஓரிக்கு விழா எடுக்கிறோம். எடுக்கட்டும், மகிழ்ச்சி. ஆனால் ஓரி செத்ததற்குக் காரணம் அவனுடைய மலை பிறர் கண்ணுக்கு நன்றாக இருந்ததுதான் என்பதையும் மேடையில் யாராவது சொல்லலாம்.

இன்று அங்கே வாழும் ஏறத்தாழ 40,000 பேரில் மிகப் பெரும்பாலோர் மலையாளிகள். கேரளத்தாரை நினைத்துக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்பவர் என்ற பொருளில் மலையாளிகள், பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள், அவர்கள் மூவரும் வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்களுடைய கர்ணபரம்பரைக் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட சாதிகள், பழங்குடிகள் பற்றிய பெரிய நூலில் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. "அப்படியானால் அவர்களும் வந்தேறிகள்தானே?" என்று ஒரு புத்திசாலி என்னிடம் கேட்டார். ஆம் ஐயா, வந்தவர்கள்தாம். வந்து, காட்டைத் திருத்தி, சரிவில் தினையும் சாமையும் ராகியும் விதைத்து, பள்ளத்தில் படிக்கட்டாக நெல்வயல் கட்டி, தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே மண்ணானார்கள். வார விடுமுறைக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை மாலை இறங்கிப் போகவில்லை.

சேலத்துக்குப் பக்கத்தில் உள்ள சேர்வராயன் மலையிலும் இதே மலையாளிகள் வாழ்ந்தார்கள். அங்கே 1820களிலேயே சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். காப்பி வந்தால் தோட்டம் வரும். தோட்டம் வந்தால் துரை வருவார். துரை வந்தால் பங்களா வரும். ஏற்காடு பிறந்தது. நல்ல நிலமெல்லாம் எஸ்டேட் ஆயிற்று. பழைய குடிகள் தங்கள் ஊர்களைச் சுற்றிய துண்டு நிலங்களுக்குள் ஒடுங்கினார்கள். இன்றும் ஏற்காட்டின் பெயரைக் கேட்டால் நமக்கு ஏரியும் படகும் ஆரஞ்சுப் பழமும் ஞாபகம் வருகின்றன. அந்த மலையில் முதலில் இருந்தவன் யார் என்பது ஞாபகம் வருவதில்லை.

சேர்வராயனுக்கு வந்த துரை கொல்லிக்கு ஏன் அந்த அளவுக்கு வரவில்லை? உயரம் ஒன்றும் குறைச்சல் இல்லை; ஆயிரம் மீட்டருக்கு மேல். மண்ணும் மழையும் நல்லவை. வராததற்கு முக்கியமான காரணம் ஒரு கொசு. கொல்லிமலைக் காய்ச்சல் அந்தக் காலத்தில் பேர்பெற்றது. மலேரியாவுக்குப் பயந்து வெளியார் மலையேறத் தயங்கினார்கள்; ஏறினவர்களும் தங்கவில்லை. துரைமார்களின் குதிரையைத் தடுத்து நிறுத்தும் படை மலையாளிகளிடம் இல்லை. கொசுவிடம் இருந்தது.

அமெரிக்காவில் நோய் எதிர்ப்பக்கம் நின்றது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே வெள்ளைக்காரனோடு கூடவே பெரியம்மையும் போயிற்று. 1837இல் மிசௌரி ஆற்றின் மேற்பகுதியில் பரவிய அம்மையில் மாண்டன் என்ற இனம் ஏறத்தாழ அழிந்தே போனது. அங்கே நோய் நிலத்தைக் காலி செய்து வந்தவன் கையில் கொடுத்தது. இங்கே நோய் வந்தவனைத் துரத்தி, இருந்தவன் கையிலேயே நிலத்தை விட்டுவைத்தது.

நான் கொசுவுக்குக் கோயில் கட்டச் சொல்லவில்லை. அந்தக் காய்ச்சல் மலைக்காரர்களையும் வாட்டியது. அவர்கள் பிள்ளைகளையும் கொண்டுபோயிற்று. அது ஒழிய வேண்டியதுதான். 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. டி.டி.டி. மருந்து தெளித்தார்கள். காய்ச்சல் அடங்கியது. நல்ல காரியம். என் குற்றச்சாட்டு வேறு. கொசு நின்று காத்த வாசலில் கொசு போன மறுநாளே ஒரு சட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டாமா? ஒருவரும் நிறுத்தவில்லை. வாசல் திறந்தே கிடந்தது. சாலை ஏறியது; லாரி ஏறியது; பின்னாலேயே நாமும் ஏறினோம்.

ஏறினவர்கள் என்னென்ன கொண்டுபோனார்கள்? முதலாவதாக, மரவள்ளி. இதுவும் அமெரிக்கச் சரக்குதான். தென்னமெரிக்கப் பழங்குடிகள் பயிரிட்டு வளர்த்த கிழங்கு. போர்த்துக்கீசியர் வழியாக மேற்குக் கரைக்கு வந்து, திருவிதாங்கூரில் வேரூன்றியது. இரண்டாம் உலக யுத்தத்தில் கீழ்நாடுகளிலிருந்து வந்த ஜவ்வரிசியும் மாவும் நின்றுபோகவே, 1943இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். அந்தத் தொழில் பெருகியது. ஆலைகளின் வாய் பெரிதாகப் பெரிதாகக் கிழங்கு தேடி லாரிகள் மலையேறின.

அதனால் என்ன, காசு வந்ததே என்பீர்கள். வந்தது, நான் மறுக்கவில்லை. தினையும் சாமையும் விற்று யார் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள்? ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். சாமையை அறுத்துக் குதிரில் கொட்டினால் வருஷக்கணக்கில் இருக்கும். விலை பிடிக்கவில்லையென்றால் விற்காமல் வைத்துத் தின்னலாம். பிடுங்கிய மரவள்ளியோ இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கிவிடும். லாரிக்காரன் சொன்னதுதான் விலை. 'வேண்டாம்' என்று சொல்லும் சக்தி சாமை விதைத்தவனுக்கு உண்டு. கிழங்கு போட்டவனுக்கு இல்லை. அப்புறம் முன்பணம், முன்பணத்துக்குக் கழிவு, கல்யாணத்துக்குக் கடன், ஆஸ்பத்திரிக்குக் கடன். கடைசியில், என் நண்பர் காதில் விழுந்ததே, அந்த ஒன்றரை ஏக்கர்!

இரண்டாவதாக, பாக்சைட். மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காகச் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் மலைத்தலையைச் சீவினார்கள். கொல்லியில் இப்போது அந்த வெட்டு நின்றுவிட்டது. சீவின தலையில் முடி முளைக்கவில்லை.

மூன்றாவதாக, காடு. இதைச் செய்தவர் தனி மனிதர் அல்லர், சர்க்கார். 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் கோடு கிழித்தது. கோட்டுக்கு அப்பால் ஆடு மேய்த்தால் குற்றம், விறகு பொறுக்கினால் குற்றம், புனக்காடு வெட்டினால் குற்றம். நேற்று வரை பிழைப்பாக இருந்தது இன்று காலை திருட்டாகிவிட்டது. அந்தச் சட்டம் பெயரில் 'தமிழ்நாடு' என்று மாற்றிக்கொண்டு இன்றும் உயிரோடிருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் காவல் நின்றவர்கள் எந்த அளவுக்குப் போக முடியும் என்பதை அறிய வேறு தேசத்துக்குப் போக வேண்டியதில்லை. தருமபுரிச் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. இதே மலையாளி மக்களின் ஊர். 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று சொல்லி வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த ஊரில் புகுந்தன. 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பாயிற்று; 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருஷம்! செவ்விந்தியருக்காகக் கலங்கும் கண்ணில் வாச்சாத்திக்கும் ஒரு சொட்டு இருக்குமா என்று என் நண்பரைக் கேட்டேன். அவருக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்கவில்லை.

இப்போது என் வழக்கின் மையத்துக்கு வருகிறேன்.

செவ்விந்தியன் நிலத்தை இழந்தது துப்பாக்கியால் என்று சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. பாதி உண்மை. துப்பாக்கி ஓய்ந்த பிறகும் அவர்களிடம் நிறைய நிலம் மிஞ்சியிருந்தது. 1887இல் சுமார் 13.8 கோடி ஏக்கர். அந்த வருஷம் டாஸ் சட்டம் என்று ஒன்று வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் பலர் செவ்விந்தியரின் சிநேகிதர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள்! 'இனம் முழுவதற்கும் பொதுவாக நிலம் இருப்பதால்தான் இவர்கள் முன்னேறவில்லை; குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்று பிரித்துத் தனித்தனிப் பட்டா கொடுப்போம்; மனிதர்களாகிவிடுவார்கள்' என்றார்கள். பிரித்துக் கொடுத்தது போக மிச்சத்தை 'உபரி' என்று சொல்லி வெள்ளைக்காரக் குடியேறிகளுக்கு விற்றார்கள். பிரித்துக் கொடுத்த நிலத்துக்கும் காவல் காலம் முடிந்ததும் வரி வந்தது, கடன் வந்தது, தரகர் வந்தார். 1934இல் புதுச் சட்டம் போட்டு இதை நிறுத்தியபோது மிஞ்சியது 4.8 கோடி ஏக்கர். மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. ஒரு குண்டு வெடிக்கவில்லை. எல்லாம் ரசீது, கையெழுத்து, கைநாட்டு.

இதை நம் தேசத்தில் அறியாதவர்களா? அறிந்திருந்தார்கள்! இதுதான் என் வயிற்றெரிச்சல். வெள்ளைக்கார ஆட்சியிலேயே, இதே சென்னை ராஜதானியிலேயே, 1917இல் ஒரு சட்டம் வந்தது. வடக்கே கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரி ஏஜென்சி மலைகளில் பழங்குடி நிலம் வெளியார் கைக்குப் போவதையும், லேவாதேவிக்காரர் வட்டியையும் கட்டுப்படுத்திய சட்டம். காரணம் தர்மசிந்தனை மட்டும் அல்ல. அந்த மலை ஜனங்கள் கலகம் செய்யக்கூடியவர்கள் என்ற பயமும் சேர்ந்தது. நம் தெற்கு மலைகளில் அத்தகைய கலகம் இல்லை. சட்டமும் இல்லை. சாதுவாக இருந்ததற்கு இது சன்மானம்!

1953இல் ஆந்திரம் பிரிந்தது. ஏஜென்சி மலைகளும் அவற்றின் சட்டமும் அவர்களோடு போயின. ஆந்திரத்தார் அதைத் தூங்கவிடவில்லை. 1959இல் கடுமையாக்கினார்கள், 1970இல் இன்னும் கடுமையாக்கினார்கள். அங்கே பட்டியல் பகுதியில் பழங்குடி அல்லாதவன் கையில் நிலம் இருந்தால், அது பழங்குடியிடமிருந்து வந்தது என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லையென்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். சமதா வழக்கில் 1997இல் உச்சநீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், சர்க்காரே ஆனாலும் அந்த நிலத்தைத் தனியார் சுரங்கக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடக்கூடாது என்றது.

நம்மிடம் என்ன இருக்கிறது? அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி தமிழ்நாட்டில் ஒரு சதுர அடிகூடக் கிடையாது. ஆகையால், அத்தகைய பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தந்த 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கே செல்லாது. பழங்குடி நிலம் கைமாறுவதைத் தடுக்கச் சட்டசபை இயற்றிய தனிச் சட்டம் கிடையாது. சர்க்கார் ஒப்படை செய்த நிலத்துக்கு நிபந்தனைகள் உண்டு, வருவாய் வாரிய நிலையாணை உண்டு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி கிடைக்கும் நிலம் பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. சரி. ஆனால் தாத்தா காலத்திலிருந்து பட்டா உள்ள அந்த ஒன்றரை ஏக்கருக்கு?

நிபந்தனைகளின் லட்சணத்தைத் தரகர் வாயாலேயே கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் பயப்படாதீங்க சார். நீண்ட காலக் குத்தகைன்னு எழுதிக்கலாம். இல்லேன்னா பவர் வாங்கிக்கலாம். அதுவும் இல்லேன்னா, அவங்க ஆளுங்கள்லயே ஒருத்தர் பேர்ல கிரயம் பண்ணிட்டு, அவரையே காவலுக்கு வெச்சுக்கலாம்." தன் இனத்தான் நிலத்துக்குத் தானே பினாமி, தன் பெயரில் உள்ள நிலத்துக்குத் தானே காவல்காரன்! இந்த மாதிரி ஒரு பாத்திரத்தை நான் நாவலில் படைத்தால் மிகை என்பீர்கள்.

எதிர்வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னவர் ஒரு மலையாளி இளைஞர். கீழே கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர். பட்டம் வாங்காத என்னைவிடத் தெளிவாகப் பேசினார். செம்மேட்டில் ஒரு டீக்கடையில் சந்தித்தேன். சட்டம் வேண்டும் என்று நான் உற்சாகமாகப் பேசியதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நீங்க உங்க நிலத்தை வித்து டவுன்ல வீடு கட்டிக்கிட்டீங்க. அதுல தப்பில்லை. நாங்க வித்தா மட்டும் தப்பா? விக்க முடியாத நிலத்தை அடமானம் வெச்சா எந்த பேங்க் சார் கடன் தரும்? எங்களை மியூசியத்துல வெக்கப் பாக்கறீங்களா?"

கூர்மையான கேள்வி. ஆயாவின் கேள்வியைப் போலவே இதுவும் என்னை அடித்தது. ஆனால் இதற்கு என்னிடம் பதில் உண்டு.

தம்பி, நான் நிலத்தை விற்றபோது எனக்கு வேறு பிழைப்பு இருந்தது. நல்ல விலைக்காகக் காத்திருக்க நேரமும் இருந்தது. அதன் பெயர் விற்பனை. மகளின் கல்யாணத்துக்கு முந்தின வாரம், ஆஸ்பத்திரி வாசலில், லாரிக்காரன் கணக்கைத் தீர்ப்பதற்காகக் கைநாட்டு வைப்பதற்கு விற்பனை என்று பத்திரத்தில்தான் பெயர். உங்கள் சொத்துரிமையை யாரும் பறிக்க வேண்டாம். மலையாளி மலையாளிக்கு விற்கட்டும், வாங்கட்டும், பிரிக்கட்டும். என்னைப் போன்றவன் வாங்கக்கூடாது என்பதுதான் சட்டம். கட்டுப்பாடு உங்கள் கைக்கு அல்ல, என் கைக்கு. கடன் விஷயத்தில் நீங்கள் சொல்வது முற்றிலும் நியாயம். விற்பதைத் தடுக்கும் சட்டம் கடனுக்கு வழி செய்யாவிட்டால் அது அரைச் சட்டம். மலைவாழ் மக்களுக்கென்று லேம்ப் கூட்டுறவுச் சங்கம் கொல்லிமலையிலேயே இருக்கிறது. நிலத்தை ஈடாகக் கேட்காமல் விளைச்சலின் பேரில் கடன் கொடுக்க அதற்குப் பணமும் அதிகாரமும் கொடுக்கட்டும். கிழங்குக்கும் மிளகுக்கும் அதுவே விலை சொல்லட்டும்.

சட்டம் வந்தால் மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். கேரளத்தில் 1975இல் அருமையான சட்டம் போட்டார்கள். பறிபோன நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது வரை அதில் இருந்தது. இருபத்து நான்கு வருஷம் அதை ஏட்டில் உறங்கவைத்துவிட்டு, 1999இல் வேறு சட்டம் கொண்டுவந்து அதன் பல்லைப் பிடுங்கினார்கள். பல் பிடுங்கப்பட்ட சட்டத்தைக் காட்டி, 'சட்டமே எதற்கு?' என்று கேட்பது, சோறு வெந்துபோகவில்லை என்பதற்காக அடுப்பையே இடிப்பது போலத்தான்.

நான் அந்த நிலத்தை வாங்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆயா கேட்காமல் இருந்திருந்தால் வாங்கியிருப்பேன். என் நண்பர் கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இருந்தார். பிறகு ஒருநாள் வந்து, "நீ வாங்காவிட்டால் அது அவனிடமே இருந்துவிடுமா? வேறொருவன் வாங்கிவிட்டான். கம்பி வேலி போட்டாயிற்று" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு தனி மனிதனின் மனச்சாட்சி ஒன்றரை ஏக்கரைக்கூடக் காப்பாற்றாது. மனச்சாட்சி உள்ளவன் விலகினால் இல்லாதவன் வருவான். இடம் காலியாக இருக்காது. அமெரிக்காவில் சட்டம் வந்து நிறுத்தியபோது மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். நம் மலைகளில் இன்னும் அதைவிட அதிகம் மிச்சம் இருக்கிறது என்று நம்புகிறேன். இருக்கும்போதே தமிழ்நாட்டுச் சட்டசபை ஒரு சட்டம் செய்யட்டும். கொல்லிக்கும் சேர்வராயனுக்கும் கல்வராயனுக்கும் பச்சைமலைக்கும் ஜவ்வாதுக்கும் சேர்த்துச் செய்யட்டும். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம், செவ்விந்தியருக்காக அழத் தெரிந்த நாம், இதை ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம்.

அடுத்த ஆடியில் ஓரிக்கு விழா நடக்கும்போது நான் போவேன். அந்த ஆயா இருந்தால் திண்ணையில் போய் உட்காருவேன். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் திண்ணை மிச்சம் இருந்தால்.